டீசல் கணக்கில் ஒரு ‘டவுட்’: ஆங்கிலத்தில் மறுத்துப் பேசுவது பற்றி

(சங்கத்தின் கடந்த காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. மடலுக்காகச் சற்றுத் திருத்தி எழுதப்பட்டுள்ளது.)



‘ஆங்கிலத்தில் மரியாதையாக மறுத்துப் பேசுவது எப்படி’ என்று பேசச் சொல்லி நம் செயலாளர் கேட்டபோது, நான் ஆங்கில ஆசிரியன் இல்லையே என்றேன். “அதனால்தான் சார் உங்களைக் கேட்கிறோம்” என்றார். அவர் சொன்னதன் பொருள் உங்களில் பலருக்குப் புரியும். நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலத்தில் எழுதி ஒரு நல்ல மனிதரைப் புண்படுத்தியவன் நான்தான். குற்றவாளியையே சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். அவர் அனுமதியோடு அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம் குழுவில் ஆங்கிலத்தில் எழுதுவது யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. இங்கே தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் இருக்கின்றன, பெல் தொழிற்சாலைக்கும் சிப்காட் கம்பெனிகளுக்கும் மாற்றலாகி வந்த வெளிமாநிலக் குடும்பங்கள் இருக்கின்றன. எல்லோருக்கும் பொதுவாகப் படிக்கத் தெரிந்த எழுத்து ஆங்கிலம். நம் முன்னாள் பொருளாளர் ஒடிசாக்காரர். ஓய்வு பெற்ற பிறகும் ராணிப்பேட்டையை விட்டுப் போக மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்டவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. நான்கு வருடம் ஒரு ரூபாய் வாங்காமல் நம் கணக்கைப் பார்த்தார்.

போன வருடம் அவர் குழுவில் போட்ட மாதக் கணக்கில் ஜெனரேட்டர் டீசல் செலவு வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. நான் எழுதியது இது: “ஐ ஹேவ் எ டவுட் இன் டீசல் அக்கவுண்ட். ஹவ் திஸ் மச்? கைண்ட்லி எக்ஸ்பிளைன் இமீடியட்லி.”

மனதில் நான் நினைத்தது என்ன தெரியுமா? “சார், டீசல் கணக்குல ஒரு சின்ன சந்தேகம்ங்க. எப்படி இவ்ளோ வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்றீங்களா?” சத்தியமாக அவ்வளவுதான். தமிழில் ‘ஒரு சந்தேகம்’ என்பதைவிடப் பணிவான தொடக்கம் உண்டா? வகுப்பில் மாணவன் ஆசிரியரிடம் சொல்வது அது. எனக்குப் புரியவில்லை, குறை என்னிடம், விளக்குங்கள் என்பதுதான் அதன் தொனி. அதை அப்படியே ‘டவுட்’ ஆக்கினால் ஆங்கிலத்தில் பொருள் தலைகீழாகிறது. உங்கள் கணக்கை நான் நம்பவில்லை என்றாகிறது. கூடவே ‘இமீடியட்லி’. எனக்கு அது ‘சீக்கிரம் சொன்னால் நல்லது’. அவருக்கு அது போலீஸ் ஸ்டேஷன் சம்மன். ‘கைண்ட்லி’ போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் அலுவலகங்களில் ஒரு நம்பிக்கை உண்டு. கட்டளைக்கு முன்னால் வரும் ‘கைண்ட்லி’ கட்டளையை இன்னும் விறைப்பாக்குமே தவிர இளக்காது.

மறுநாள் காலை அலமாரிச் சாவியும் மூன்று லெட்ஜரும் செயலாளர் வீட்டு வாசலில் இருந்தன.

இதில் எனக்கு இன்னும் உறுத்துவது வேறொன்று. கணக்கில் உண்மையிலேயே தவறு இருந்தது. ஒரே டீசல் பில் இரண்டு மாதங்களில் பதிவாகியிருந்தது. சரியாகக் கேட்டிருந்தால் அவரே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். நான் கேட்ட விதத்தால், அது தெரியவர மூன்று மாதமும் ஒரு வெளி ஆடிட்டரும் தேவைப்பட்டார்கள். நான் சொன்ன விஷயம் சரி. அதனால்தான் மன்னிப்புக் கேட்பது கடினமாக இருந்தது.

இது ஏன் நடக்கிறது என்று பிறகு நிறைய யோசித்தேன். நாம் மரியாதை தெரியாதவர்கள் அல்ல. தமிழில் மரியாதை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சொல்லின் வாலில் இருக்கிறது. “இல்ல” என்றால் வெட்டு. “இல்லைங்க” என்றால் பணிவு. ஒரே ஒரு ‘ங்க’. “தப்பு” என்பதற்கும் “தப்பா இருக்குமோ” என்பதற்கும் நடுவில் ஓர் ‘ஓ’ மட்டும்தான். மீதி மரியாதையை உறவுச் சொல் சுமக்கிறது. “அண்ணே, அது சரியா வராதுண்ணே.” “பாய், இந்தக் கணக்கு ஒத்து வரலையே பாய்.” அந்த அண்ணேயும் பாயும் இருந்தால் எவ்வளவு கடுமையான விஷயத்தையும் சொல்லிவிடலாம். சந்தையில் தோல் பேரம் பேசுகிறவர்களைக் கேட்டிருப்பீர்கள். சண்டை மாதிரி இருக்கும், முடிந்ததும் டீ குடிக்கப் போவார்கள்.

ஆங்கிலத்துக்குப் போகும்போது இந்த ‘ங்க’, ‘ஓ’, அண்ணே, பாய் எல்லாம் கழன்று விழுந்துவிடுகின்றன. அகராதி இவற்றுக்குச் சொல் தருவதில்லை. மிஞ்சுவது மொட்டையான எலும்பு: “திஸ் இஸ் ராங்.” “யூ ஹேவ் நாட் அண்டர்ஸ்டுட்.” எலும்பு குத்தும் என்று தெரிந்தவர்கள் வாயே திறக்காமல் “எஸ் சார்” என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். நம் பிள்ளைகள் பலர் அலுவலக அழைப்புகளில் செய்வது இதுதான். ஒன்று குத்து, இல்லையென்றால் மௌனம். நடுவில் ஒரு வழி இருப்பதே தெரிவதில்லை.

ஆங்கிலத்திலும் ‘ங்க’ உண்டு. அது வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில், இறந்தகாலம். “ஐ வான்ட் டு ஆஸ்க்” என்பதைவிட “ஐ வான்டட் டு ஆஸ்க்” மென்மையானது. இப்போதுதானே கேட்கிறாய், ஏன் இறந்தகாலம் என்று இலக்கணம் படித்தவர்கள் கேட்கலாம். தமிழிலும் அதையே செய்கிறோம். வாசலில் நின்று “ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்” என்போம். ஓரடி பின்னால் நிற்பது போன்ற பாவனை அது. ‘கேன் யூ’ என்பது ‘குட் யூ’ ஆவதும், ‘வில் யூ’ என்பது ‘வுட் யூ’ ஆவதும் அதே ஓரடிதான். நம் ‘ஓ’வுக்கு அங்கே ‘மைட்’ இருக்கிறது. “தேர் மைட் பி எ மிஸ்டேக் ஹியர்” என்றால் “இதுல தப்பு இருக்குமோ” என்பதற்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

அடுத்தது, வாக்கியத்தை யாரிடமிருந்து தொடங்குகிறோம் என்பது. என் அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ‘யூ’ என்று தொடங்கும் மறுப்பு விரலை நீட்டுகிறது. “யுவர் ஃபிகர் இஸ் ராங்” என்று எழுதாமல் “ஐ கெட் எ டிஃபரண்ட் ஃபிகர்” என்று எழுதலாம். எனக்கு வேறு தொகை வருகிறது. தவறு யாருடையது என்று அதில் தீர்ப்பு இல்லை. என்னுடையதாகக்கூட இருக்கலாம், கூட்டலில் நான் புலி இல்லை. “யூ ஆர் நாட் அண்டர்ஸ்டாண்டிங்” என்பதற்குப் பதிலாக “பெர்ஹேப்ஸ் ஐ டிட் நாட் எக்ஸ்பிளைன் திஸ் வெல்”. “ஒய் டிட் யூ பே திஸ்” என்பதற்குப் பதிலாக “குட் யூ ஹெல்ப் மீ அண்டர்ஸ்டாண்ட் திஸ் பேமெண்ட்”. அந்த ‘ஒய்’ பொல்லாதது. ‘ஏன் செய்தீங்க?’ என்று தமிழில் கேட்கும்போது ‘ங்க’ அதைத் தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் தாங்க ஆளில்லை.

நேராகவே ‘நான் ஒப்புக்கொள்ளவில்லை’ என்று சொல்ல வேண்டிய இடமும் வரும். “ஐ டிஸ்அக்ரீ” தவறான ஆங்கிலம் இல்லை, ஆனால் கதவைச் சாத்தும் சத்தம் அதில் உண்டு. “ஐ ஆம் நாட் ஷ்யூர் ஐ அக்ரீ”, “ஐ சீ இட் எ லிட்டில் டிஃபரண்ட்லி” இரண்டும் அதையேதான் சொல்கின்றன, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. “வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்” என்று எழுதினால் மரியாதை கூடும் என்று நினைக்காதீர்கள். ஆங்கிலேயர் காதில் அது வரப்போகும் அடிக்கான முன்னறிவிப்பு. அதுபோல “ஆஸ் ஆல்ரெடி இன்ஃபார்ம்டு” என்பதற்கு “முன்னமே சொன்னேனே, காதில் விழலையா” என்றுதான் பொருள். பெரிய எழுத்துகளில் எழுதுவதைப் பற்றி நான் பேச வேண்டாம். 3-ஆம் தளத்தில் ஒருவர் சிரிக்கிறார்.

இதுவரை சொன்னது குத்துகிறவர்களுக்கு. இனி, மௌனமாக இருப்பவர்களுக்கும் ‘எஸ்’ சொல்பவர்களுக்கும். இதற்கும் நானே உதாரணம்.

நான் இருபத்திரண்டு வருடம் ஒரு ஃபினிஷ்டு லெதர் கம்பெனியில் ஏற்றுமதிக் கடிதப் போக்குவரத்தைப் பார்த்தேன். ஜெர்மனியில் ஒரு ஷூ கம்பெனி எங்களிடம் தோல் வாங்கியது. ஜெர்மன்காரர்கள் தேதி சொல்ல மாட்டார்கள், வருடத்தின் எத்தனையாவது வாரம் என்று சொல்வார்கள். 34-ஆவது வாரம் சரக்கு கப்பல் ஏற வேண்டும் என்றார்கள். முடியாது என்று எங்களுக்கு 28-ஆவது வாரத்திலேயே தெரியும். மழை பிடித்துக்கொண்டது, தோல் காயவில்லை, டிரம்மில் வேறு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் சொன்னார்: “முடியாதுன்னு எழுதாதப்பா, கோவிச்சுக்கப் போறாங்க. டிரை பண்றோம்னு எழுது.” நானும் எழுதினேன்: “வீ வில் டிரை அவர் லெவல் பெஸ்ட்.”

நம் ஊரில் அந்த வாக்கியத்தை யாரிடம் காட்டினாலும் ‘நடக்காது’ என்று புரிந்துகொள்வார்கள். “பாக்கலாம்” என்று நாம் சொல்வது மாதிரி. கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போது ‘பாக்கலாம்’ என்றால் அந்த இலையைக் கணக்கில் சேர்க்க மாட்டோம், இல்லையா? ஜெர்மன்காரர் அதை அப்படியே எழுத்துக்கு எழுத்து படித்தார். முழு முயற்சி செய்கிறார்கள், சரி, வந்துவிடும். அவர் தன் தொழிற்சாலையில் ஆட்களை அதற்கேற்பத் திட்டமிட்டுவிட்டார். 34-ஆவது வாரம் சரக்கு இல்லை. கடைசியில் விமானத்தில் அனுப்பினோம், எங்கள் செலவில். அந்த ஆர்டரின் லாபம் விமானக் கட்டணத்தோடு பறந்துபோனது. அவரிடமிருந்து வந்த கடிதத்தில் திட்டே இல்லை. முடியாது என்று 28-ஆவது வாரம் சொல்லியிருந்தால் நான் மாற்று ஏற்பாடு செய்திருப்பேனே, ஏன் முடியும் என்று சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தார். நாங்கள் எங்கே முடியும் என்று சொன்னோம் என்று மேனேஜர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு என் கடிதம் மாறியது. “அன்ஃபார்ச்சுனட்லி, வீ கெனாட் ஷிப் த ஃபுல் குவான்டிட்டி இன் வீக் 34. வீ கேன் ஷிப் ஹாஃப் இன் வீக் 34 அண்ட் த பேலன்ஸ் இன் வீக் 36. வுட் தட் ஒர்க் ஃபார் யூ?” முடியாது என்பது முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது, மறைக்கவில்லை. இரண்டாவதில் என்ன முடியும் என்பது இருக்கிறது. மூன்றாவது, முடிவை அவர் கையில் கொடுக்கிறது. மரியாதை முழுவதும் அந்தக் கடைசி ‘வுட்’டிலும், உண்மையை ஆறு வாரம் முன்னதாகச் சொன்னதிலும் இருக்கிறது. எந்த நாட்டுக்காரர் என்று பார்த்து எழுத வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஜெர்மன்காரரிடம் அதிகம் மெழுகினால் மறுப்பே காணாமல் போய்விடும். ஆங்கிலேயர் “தட் இஸ் இன்ட்ரஸ்டிங்” என்று எழுதினால் பெரும்பாலும் பிடிக்கவில்லை என்று பொருள். அதை நம்பி சாம்பிள் தயாரித்து ஏமாந்திருக்கிறோம்.

தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். ஷேட் சண்டை. வாங்குபவர் ‘பிரவுன் ஒத்துப்போகவில்லை’ என்பார், நாம் ‘ஒத்துப்போகிறது’ என்போம். இரண்டு பேரும் சத்தியம் செய்வார்கள், இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒரே தோல் பகல் வெளிச்சத்தில் ஒரு நிறமாகவும் கடை விளக்கில் வேறு நிறமாகவும் தெரியும். அதற்காகத்தான் லைட் பாக்ஸ் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு இணையான டி65 விளக்கில் ஸ்வாட்ச்சை ஒப்பிடுகிறோம். எங்கள் ஃபினிஷிங் மாஸ்டர் இந்தச் சண்டை வந்தால் மறுக்கவே மாட்டார். என்னை எழுதச் சொல்வது ஒரே கேள்விதான்: எந்த விளக்கில் பார்த்தீர்கள்? “மே ஐ ஆஸ்க் அண்டர் விச் லைட் யூ கம்பேர்டு இட்?” பாதிச் சண்டை அதிலேயே முடிந்துவிடும். டீசல் கணக்கைப் பார்த்தபோது எனக்கு அவர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மரியாதையாக மறுத்தால் விஷயத்தின் காரம் குறைந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். இதற்கு நம் பக்கத்திலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் இந்த அறையில் இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் இருக்கின்றன. டேனரிச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் இருக்கிறோம், டேனரித் தண்ணீரால் கிணற்றை இழந்தவர்களும் இருக்கிறோம்.

வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் என்ற அமைப்பு, தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுக்கிறது என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, தீர்ப்பை எழுதியவர் நீதிபதி குல்தீப் சிங். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கைக்கு இன்றும் இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் தீர்ப்பு அது. நான் அதைப் படித்தது சட்டத்துக்காக அல்ல, வேலை போய்விடுமோ என்ற பயத்தில். அதில் ஒரு வாக்கியத்தை மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். என் சொற்களில் சொல்கிறேன்: தோல் தொழில் அன்னியச் செலாவணி ஈட்டுகிறது, வேலை தருகிறது, நாட்டுக்கு இன்றியமையாதது என்றாலும், சூழலை அழிக்கவோ மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்தாக இருக்கவோ அதற்கு உரிமை கிடையாது. ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் ‘தோ’ என்ற சொல்லில் தொடங்குகிறது. நம் ‘என்றாலும்’ வாக்கியத்தின் நடுவில் வரும், அவர்கள் ‘தோ’ முதலிலேயே நிற்கும். எதிராளிக்கு உரியதை முதலில் முழுமையாகக் கொடுத்துவிட்டு, பிறகு மறுப்பது.

கவனியுங்கள், அது சும்மா ஒப்புக்குச் சொன்ன பாராட்டு இல்லை. அன்னியச் செலாவணி உண்மை, வேலை உண்மை. எங்கள் முதலாளியே மறுக்க முடியாத இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டுத்தான் நீதிபதி அவரை மறுத்தார். ‘நீங்கள் நல்லவர்தான், ஆனால்...’ என்று நாம் இழுப்போமே, அதில் முதல் பாதி பொய் என்று கேட்பவருக்கே தெரியும். ஆங்கிலத்தில் “ஐ அப்ரிஷியேட் யுவர் எஃபர்ட், பட்” என்ற வாக்கியம் அப்படித்தான் கெட்டுப்போனது. எதைப் பாராட்டுகிறோம் என்று குறிப்பாகச் சொல்ல முடியாவிட்டால் பாராட்டாமல் இருப்பதே மேல்.

காரம் குறைந்ததா? குறையவில்லை. ஐந்து மாவட்டங்களில் உள்ள எல்லா டேனரிகளுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு நிலையம் அமைக்காதவை மூடப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையம். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே சென்னை உயர் நீதிமன்றத்தில் ‘கிரீன் பெஞ்ச்’ என்ற தனி அமர்வு. எங்கள் கம்பெனியில் அன்று யாரும் சாப்பிடவில்லை. ஆனால் தீர்ப்பின் அந்த வாக்கியத்தைப் படித்த எங்கள் முதலாளி, இவர் நம்மைத் திருடன் என்று சொல்லவில்லை என்றார். அடுத்த வாரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையக் கூட்டத்துக்குப் போனார்.

நீதிமன்றம் என்றதும் இன்னொன்று. அங்கே எதிர்க்கட்சி வக்கீலை ‘மை லேர்ன்ட் ஃப்ரெண்ட்’ என்பார்கள், கற்றறிந்த என் நண்பர். கேட்டால் நாடகம் மாதிரி இருக்கும். ஆனால் நம் ‘அண்ணே’ செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது.

மரியாதையாகச் சொன்னால் காரியம் நடந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஏமாற்று வேலை வேண்டாம். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1869-இல் பிறந்தவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். அவர் ஆங்கிலத்துக்கு வெள்ளி நாக்கு என்று பெயர் வைத்தார்கள். 1919 பிப்ரவரியில் ரௌலட் மசோதாவை எதிர்த்து அவர் சட்டசபையில் பேசிய பேச்சைப் புகழாதவர் இல்லை. மசோதா அடுத்த மாதமே சட்டமானது. மென்மையாகப் பேசியே காலத்தை ஓட்டுகிறவர் என்று அவரைக் கேலி செய்தவர்களும் நிறைய. அந்தக் கேலியில் கொஞ்சம் நியாயம் உண்டு என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

ஆனால் அவரும் காந்தியும் எப்படி இருந்தார்கள் என்று பாருங்கள். கோகலே இறந்த 1915-இல் இந்திய ஊழியர் சங்கத்துக்கு சாஸ்திரி தலைவரானார். அந்தச் சங்கத்தில் சேர காந்தி விரும்பினார். சாஸ்திரிக்கும் மற்ற சில உறுப்பினர்களுக்கும் காந்தியின் வழியில் உடன்பாடில்லை. காந்தி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிறகு ஒத்துழையாமை வந்தது, சாஸ்திரி எதிர்த்தார். சட்ட மறுப்பு வந்தது, எதிர்த்தார். எழுதிக்கொண்டே இருந்தார், முகத்துக்கு நேராக. காந்தியின் சுயசரிதை ஆங்கிலத்தில் இரண்டாம் பதிப்பாக 1940-இல் வந்தபோது அதன் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தவர் யார் தெரியுமா? இதே சாஸ்திரி. பெயரைப் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு. 1946 ஜனவரியில் காந்தி சென்னைக்கு வந்தபோது, மருத்துவமனையில் கிடந்த சாஸ்திரியைப் போய்ப் பார்த்தார். ஏப்ரலில் சாஸ்திரி இறந்தார். முப்பது வருடம் ஒருவரை மறுத்துக்கொண்டே இருந்தவரிடம் அவர் எழுத்தைத் திருத்தக் கொடுக்கிறார்கள். நான் மூன்றே வரியில் ஒருவரை லெட்ஜரைத் தூக்கி வாசலில் வைக்கச் செய்தேன்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். அலுவலக அழைப்புகளில் பேசும் இளைஞர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அடுத்தவர் மூச்சு விடும் இடம் பார்த்து “குட் ஐ கம் இன் ஹியர்” என்று நுழைந்துவிடுங்கள். இடம் கிடைக்கும் என்று காத்திருந்தால் அழைப்பே முடிந்துவிடும். நுழைந்த பிறகு ‘சாரி, சாரி’ வேண்டாம், தவறு செய்யாதபோது மன்னிப்பு எதற்கு? எதிர்த்துச் சொல்வதற்கு முன் அவர் சொன்னதை ஒரு வரியில் திருப்பிச் சொல்லுங்கள்: “இஃப் ஐ அண்டர்ஸ்டாண்ட் யூ கரெக்ட்லி...” சில சமயம் அந்த வரியிலேயே, அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று தெரிந்துவிடும். எழுத்தில் முகம் தெரியாது, குரல் கேட்காது. அதனால் பேச்சில் ஒரு ‘வுட்’ போதும் இடத்தில் எழுத்தில் இரண்டு வேண்டும். ஆத்திரத்தில் எழுதியதை உடனே அனுப்பாமல் சத்தமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். வீட்டில் யாராவது “யாரைத் திட்டுறீங்க?” என்று கேட்டால் மாற்றி எழுதுங்கள். என் மனைவி இப்போது அந்த வேலையைச் சம்பளமில்லாமல் பார்க்கிறார்.

அந்த டீசல் செய்தியை இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்: “தேங்க் யூ ஃபார் த அக்கவுண்ட்ஸ். ஐ நோட்டிஸ்டு த டீசல் அமவுண்ட் இஸ் ஹையர் திஸ் மன்த். குட் யூ ஹெல்ப் மீ அண்டர்ஸ்டாண்ட் ஒய்? ஐ மே பி மிஸ்ஸிங் சம்திங்.” கணக்கைக் கேட்பது விடுபடவில்லை. ‘ஒய்’ கூட இருக்கிறது, ஆனால் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இருக்கிறது.

கூட்டத்தில் பேசியது இவ்வளவுதான். மடலுக்கு அனுப்புவதற்கு முன், மேலே உள்ளதை ஒரு பிரதி எடுத்து, ஆங்கிலத்தில் சுருக்கமும் எழுதி, முன்னாள் பொருளாளரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தது. சுருக்கத்தில் டீசல் பகுதிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: “ஐ ஆம் நாட் ஷ்யூர் இட் வாஸ் த வேர்ட். குட் வீ டாக்?”

அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி டீ கொடுத்தார். அவர் தமிழிலேயே சொன்னார்: “டவுட்னு எழுதினது எனக்கு அவ்வளவு பெரிசா படலை சார். இந்த ஊர்ல முப்பது வருஷமா இருக்கேன், ‘டவுட்’னா என்னன்னு எனக்குத் தெரியாதா? நீங்க அத்தனை பேர் பார்க்கிற குழுவில கேட்டீங்க. என் பொண்ணு பெங்களூர்ல இருந்து போன் பண்ணி ‘என்னப்பா பிரச்சனை’ன்னு கேட்டா. ரெண்டு மாடி ஏறி வந்து கேட்டிருந்தா, எந்த பாஷையில எப்படிக் கேட்டிருந்தாலும் லெட்ஜரை எடுத்துக் காட்டியிருப்பேன்.”

இதை எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை, அதனால் கடைசியில் சேர்த்திருக்கிறேன். கணக்கு பற்றிய கேள்விகளை முதலில் பொருளாளரிடம் நேரிலோ தனிச் செய்தியிலோ கேட்பது, ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் மட்டும் குழுவில் போடுவது என்று அடுத்த செயற்குழுவில் ஒரு விதி கொண்டுவரலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் சொல்லலாம். என் வீடு இரண்டாம் தளத்தில், லிஃப்டை விட்டு இறங்கினால் இடது பக்கம்.

அவர் மறுபடி பொருளாளர் ஆவாரா என்றும் கேட்டுப் பார்த்தேன். “ஐ வுட் ராதர் நாட்” என்றார்.